ஃபாங் வீட்டு நடுவாசல்

அந்தக் கட்டடத்தை முதலில் கண்டபோது சிறைச்சாலை என்றுதான் நினைத்தேன். உயரமான வெள்ளைச் சுவர், அதில் மருந்துக்கும் ஒரு ஜன்னல் இல்லை. சுவரின் மேல்விளிம்பைப் படிக்கட்டு மாதிரி வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கறுப்பு ஓடு போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மாட்டுப் பட்டி, மறுபக்கம் எப்போதோ மூடிய நெசவாலை. சுவிஸில் வின்டர்தூர் தாண்டி, மலை நெருங்குகிற இடத்தில் இப்படியொன்றைக் கட்ட யார் விட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

"இதுதான் எங்கள் மண்டபம்" என்று, ஸ்டேஷனிலிருந்து எங்களை ஏற்றிவந்த காரை நிறுத்திவிட்டு ஜுன் சொன்னான்.

ஜுன் என்பவன் என் மகள் மதுஜா கட்டப்போகிறேன் என்று நிற்கிற சீனப் பொடியன். பிறந்தது வின்டர்தூரில். லிஃப்ட் திருத்துகிற வேலை. தமிழ் தெரியாது, மதுஜாதான் இடையில் நின்று மாற்றிச் சொல்லுவாள். பொடியன் கெட்டவன் இல்லை என்று என் மனைவி யோகம் சொல்லுவாள். அவளுக்கு ஒருவனும் கெட்டவன் இல்லை.

அவனுடைய தகப்பன் ஃபாங், சாப்பாட்டுக் கடை நடத்தியவர். அவர்களுடைய ஊரில் குடும்பத்துக்கென்று ஒரு மண்டபம் இருந்ததாம். செத்தவர்களின் பெயரை மரப்பலகையில் எழுதி வைத்துக் கும்பிடுகிற இடம். பெரிய ரோட்டுப் போடவேண்டும், இடி என்று சொன்னார்களாம். இந்த மனிதர் இடிக்கவில்லை, கழற்றினார். தூண், உத்தரம், ஓடு, கல்லு எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டுக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து திரும்பப் பூட்டியிருக்கிறார். செத்தவர்களுக்காக ஒருவன் வீட்டைக் கப்பலில் ஏற்றுவானா? ஏதோ வரி விளையாட்டு என்று யோகத்திடம் சொன்னேன். "உங்களுக்கு எல்லாம் விளையாட்டுத்தான்" என்றாள்.

எங்களைக் கூப்பிட்டது சும்மா பார்த்துவிட்டுப் போக அல்ல. பெண்ணைப் பெற்றவர்கள் மண்டபத்துக்குள் வந்து, அந்தப் பலகைகளுக்கு முன்னால் தேத்தண்ணீர் குடித்து, கல்யாணம் எந்த மாதம் என்று தங்கள் வாயால் சொல்லவேண்டும். அது அவர்களுடைய முறை. சொல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. நாங்கள் இருக்கிற எம்மன்புரூக்கேயிலிருந்து வருகிற வழியில் ரயிலிலேயே மதுஜா எனக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் மாதம் சொல்லாதேங்கோ. நான் களவாய்க் கட்டமாட்டன். ஆனால் வேற ஆரையும் கட்டவும் மாட்டன்."

"வெருட்டுறியோ?"

"ஓம்."

யோகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தாள். தாயும் மகளும் ஒன்று.

கட்டடத்துக்கு முன்னால் மூன்று கதவுகள். நடுவில் இருந்தது பெரிய கதவு. கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய பெரிய மேளங்கள். அது பூட்டிக் கிடந்தது. இரண்டு கரையிலும் இரண்டு சின்னக் கதவுகள். ஜுன் எங்களை இடப்பக்கத்துச் சின்னக் கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் நின்றுவிட்டேன்.

இதை நான் சொல்லத்தான் வேண்டும். ஊரில் எங்கள் ஆட்களை ஒருவரும் முன்வாசலால் விட்டதில்லை. வேலைக்குப் போனால் கோடிப்பக்கத்தால் வா என்பார்கள். கோயில் என்றால் வெளிவீதியோடு சரி. கல்யாணத்துக்குச் சொல்லுவார்கள், போனால் பந்தலுக்குப் பின்னால் ஒரு பாய் கிடக்கும். இங்கே வந்து காலம் முழுக்க ஹோட்டல் குசினிக்குப் பின்கதவால் போய்ப் பின்கதவால் வந்தேன். அது வேலை, அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. பெண் கொடுக்கப் போகிற இடத்தில் பக்கத்துக் கதவைக் காட்டினால் எப்படி?

"ஏன் பெரிய கதவு பூட்டிக்கிடக்கு?" என்று மதுஜாவிடம் கேட்டேன்.

"அது திறக்கிறேல்லை அப்பா."

"ஆருக்குத் திறக்கிறேல்லை?"

"ஒருத்தருக்கும் திறக்கிறேல்லை."

"ஒருத்தருக்கும் திறக்காத கதவை என்னத்துக்குக் கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்தவங்கள்?"

மதுஜா ஜுனைப் பார்த்தாள். ஜுன் கதவைப் பார்த்தான். யோகம் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, "இஞ்சாருங்கோ, மழை தூறுது. நிண்டு வழக்குப் பேசாமல் வாங்கோ" என்று சொல்லிவிட்டுச் சின்னக் கதவால் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு வெட்கம் கிடையாது.

நான் போகவில்லை. நேரே நடுக்கதவுக்குப் போனேன். அதன் கீழே ஒரு வாசற்கட்டை, முழங்கால் உயரம். இப்படியொரு கட்டையை நான் கண்டதில்லை, ஆடு தாண்டாமல் போட்டது போல இருந்தது. அதன் மேல் ஏறி இருந்துவிட்டேன். கதவு திறந்தால் உள்ளே போவேன், திறக்காவிட்டால் அடுத்த பஸ். அவ்வளவுதான்.

ஜுனின் முகம் வெளிறியது. அவன் வாயைத் திறக்குமுன் பக்கத்துக் கதவால் ஒரு மெலிந்த கிழவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "நைன்! நைன்!", வேண்டாம் வேண்டாம், என்று ஜெர்மனில் கத்தினார். அவர்தான் ஃபாங். நான் எழும்பினேன். எழும்பினதும் அவர் கோட்டுக்குள்ளிருந்து லேஞ்சியை எடுத்து, நான் இருந்த இடத்தைத் துடைத்தார். குனிந்து, அழுத்தி, என் கண்ணுக்கு முன்னால் துடைத்தார்.

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது.

"பாத்தியோ?" என்று மதுஜாவைக் கேட்டேன். "நான் இருந்த இடத்தைத் துடைக்கிறான். கண்டியோ? உலகத்திலை எங்கை போனாலும் துடைக்கிறாங்கள்!"

"அப்பா, சத்தம் போடாதேங்கோ. மழைத் தண்ணி, அதுதான் துடைக்கிறார்."

"எனக்குத் தெரியாதோ மழைத் தண்ணி? ஊரிலையும் தண்ணிதான் ஊத்தினவங்கள்."

ஃபாங்கின் ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒன்றுதான்: குசினி ஜெர்மன். வினைச்சொல் இருந்தால் மிச்சம் இருக்காது. நான் அவரிடம் நேரே சொன்னேன்: "என் நாட்டில் நான் இருப்பேன், மற்றவர்கள் கழுவுவார்கள். நீயும் கழுவுகிறாய்."

அவருக்கு விளங்கவில்லை. "இது என் அப்பா" என்று கட்டையைக் காட்டினார். "அப்பாவின் தோள். தாத்தாவின் தோள். கால் வைக்கக்கூடாது, இருக்கக்கூடாது."

எனக்கும் விளங்கவில்லை. கட்டை எப்படி அப்பாவாகும்? அப்பா உள்ளே பலகையில் இருக்கிறார் என்றுதானே சொன்னார்கள்?

மதுஜா எல்லாவற்றையும் ஜுனுக்குச் சுவிஸ் ஜெர்மனில் சொன்னாள். கோடிப்பக்கம், பாய், தண்ணீர், எல்லாம். நான் அவளுக்கு இதையெல்லாம் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. தாய் சொல்லியிருப்பாள். ஜுன் அதைத் தகப்பனுக்குச் சீனத்தில் சொன்னான். நீளமாகச் சொன்னான். நடுவில் நிறுத்தி மதுஜாவிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பச் சொன்னான். தகப்பன் மழையில் நின்று கேட்டார். கேட்டுமுடித்ததும் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டையைத் துடைத்த அதே லேஞ்சியால் தன் முகத்தைத் துடைத்தார். நெற்றி, கண், வாய், கழுத்து.

தெரிந்து செய்தாரா, மழை கண்ணுக்குள் போனதால் செய்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. ஆனால் துடைத்ததை நான் கண்டேன்.

"இந்தக் கதவு இரண்டு பேருக்குத்தான்" என்று மெல்லச் சொன்னார். "புதுப் பெண் வரும்போது. செத்தவரின் பலகை வரும்போது. என் அம்மா இரண்டு தரம் இதால் வந்தார். என் மனைவி ஒரு தரம் வந்தாள். நான் ஒரு தரமும் இல்லை. செத்தபிறகுதான் வருவேன்."

இதை நல்லது என்று எடுப்பதா, கெட்டது என்று எடுப்பதா? என் பிள்ளையை மாலையோடு நடக்கவிடுகிற வாசலால்தான் செத்தவரையும் கொண்டுவருவார்களாம். எங்கள் பக்கம் இதைச் சொன்னால் கல்யாணம் அந்த இடத்திலேயே குழம்பிவிடும். இந்த மனிதர் சிரித்த முகத்தோடு சொல்கிறார்.

அந்த நேரம் ஒரு பெரிய கார் வந்து நின்றது. ஊன்றுகோலோடு ஒரு முதியவர் இறங்கினார். சூரிச்சிலிருந்து வந்த பெரியப்பா, குடும்பத்தில் மூத்தவர் என்று ஜுன் சொன்னான். அந்த மனிதர் நடுக்கதவை ஏறிட்டும் பார்க்கவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, சின்னக் கதவின் கட்டையைக் கஷ்டப்பட்டுத் தாண்டி உள்ளே போனார். முன்கூட்டியே சொல்லிவைத்து இப்படி வரச் சொல்லியிருப்பார்களோ என்று ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அந்த வயதில் அப்படி நடிக்க முழங்கால் விடாது.

உள்ளேயிருந்து யோகத்தின் சத்தம் கேட்டது. "இஞ்சை வந்து பாருங்கோப்பா! வீட்டுக்குள்ளை மழை பெய்யுது!"

போனேன். மாதம் சொல்லுவதாக நினைத்துப் போகவில்லை. மழை வீட்டுக்குள் எப்படிப் பெய்யும் என்று பார்க்கப் போனேன்.

உண்மைதான். நடுவில் கூரை இல்லை. நாலு பக்கத்துக் கூரையும் உள்ளே சாய்ந்து, தண்ணீர் எல்லாம் நடுவில் ஒரு கல்லுத் தொட்டியில் கொட்டியது. வெளியே ஜன்னலில்லாத சுவர், உள்ளே வானம். "எங்கட நாற்சார் வீடு மாதிரி இல்லையோ அப்பா?" என்றாள் மதுஜா. அவள் நாற்சார் வீட்டைப் படத்தில்தான் பார்த்தவள். நானும் உள்ளே போய்ப் பார்த்தவனில்லை. "மாதிரி இல்லை" என்றேன்.

தண்ணீர் உள்ளே விழுந்தால் செல்வம் வெளியே போகாது என்று ஃபாங் விளக்கினார். பிறகு முகத்தைச் சுளித்தார். கெமைண்டே, அதுதான் இந்த ஊர்ச் சபை, வந்து பார்த்துவிட்டு, தொட்டியைச் சாக்கடைக் குழாயோடு பொருத்து என்று எழுதிவிட்டதாம். "இப்போது எங்கள் செல்வம் எல்லாம் கெமைண்டேயின் குழாயில்" என்றார். முதல் தடவை அவர் சொன்னது எனக்கு முழுவதும் விளங்கியது.

தூண்கள் ஒவ்வொன்றும் நான் கட்டிப்பிடித்தால் கை முட்டாது. உத்தரங்கள் நேராக இல்லை. பூசணிக்காய் மாதிரி நடுவில் வயிறு வைத்து வளைந்திருந்தன. அதில் மான், மீன், தாடிக்காரர்கள் என்று செதுக்கியிருந்தார்கள். செதுக்கின தாடிக்காரர்களுக்கு நடுவில், பச்சை வெளிச்சத்தில் ஓடுகிற மனிதனின் படம்: நெருப்புப் பிடித்தால் ஓடும் வழி. அதுவும் கெமைண்டே.

"ஒரு ஆணியும் இல்லை" என்றான் ஜுன்.

"ஆணி இல்லாட்டி விழாதோ?"

"நானூறு வருடமாக விழவில்லை."

"இஞ்சை எத்தினை வருசமாய் நிக்குது?"

"மூன்று."

அதற்குப் பிறகு நான் உத்தரத்துக்குக் கீழே நிற்கவில்லை.

உள்ளே போகப் போக நிலம் உயர்ந்துகொண்டு போனது. கடைசியில் சுவரோடு பலகைகள். கொலு வைத்தது போலப் படிப்படியாக, உயரம் உயரமாக, கறுப்புப் பலகையில் பொன் எழுத்து. ஒவ்வொன்றும் ஒரு ஆள். முன்னால் மேசை, பழம், ஊதுபத்தி. ஃபாங்கின் மனைவி குனிந்து குனிந்து தேத்தண்ணீர் ஊற்றினாள். பெரியப்பா நாற்காலியில் இருந்து என்னையே பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

ஜுன் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான். "இது தாத்தா. பக்கத்தில் பாட்டி. சென் வீட்டுப் பெண் என்று எழுதியிருக்கிறது."

"அவவின்ரை பேர் என்ன?" என்று யோகம் கேட்டாள்.

"பெண்களுக்குப் பெயர் எழுதுவதில்லை. எந்தக் குடும்பத்துப் பெண் என்று எழுதுவோம்."

"எழுதாட்டிப் பரவாயில்லை. பேர் என்ன எண்டு கேளுங்கோ."

ஜுன் தகப்பனைக் கேட்டான். தகப்பன் சொன்னார். அதற்கு மேல் வரிசையைக் காட்டி யோகம் கேட்டாள். தகப்பன் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா ஊன்றுகோலைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கிழவியின் பெயர் தெரியாது.

ஃபாங் பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ என் பக்கம் திரும்பி, "சண்முகலிங்கம் குடும்பம் பழைய குடும்பமா?" என்று கேட்டார். அவர் வாயில் அந்தப் பெயர் துண்டு துண்டாக வந்தது. அவசரமாகப் பழகியிருக்கிறார்.

"குடும்பமோ? சண்முகலிங்கம் நான்தான்."

"உங்கள் தகப்பனும் சண்முகலிங்கம்தானே?"

"இல்லை. அவர் கந்தையா."

"ஏன் மாற்றினார்?"

"அவர் மாத்தேல்லை. அவர் கந்தையா, நான் சண்முகலிங்கம். என்ரை பிள்ளை மதுஜா. அவளின்ரை பெர்மிட்டிலை பின்னாலை என்ரை பேரைப் போட்டிருக்கிறாங்கள். சுவிஸ்காரன் போட்டது."

இதை மதுஜா சொல்லி ஜுன் சொல்ல, ஃபாங்கும் பெரியப்பாவும் தங்களுக்குள் பலமாகக் கதைத்தார்கள். ஜுன் வெட்கத்தோடு திரும்பினான். "அவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. ஒரு குடும்பம் உங்களோடு தொடங்குகிறதா என்று கேட்கிறார்கள்."

"அப்பிடித்தான் எண்டு சொல்லு."

பெரியப்பா தலையாட்டினார். ஃபாங் பலகைகளின் கீழ்ப்படியில் வெறுமையாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். "இங்கே ஒருநாள் ஜுன். பக்கத்தில் மதுஜா. 'சண்முகலிங்கம் வீட்டுப் பெண்' என்று வரும்."

நான் அந்த இடத்தைப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, எனக்கு மார்புக்குள் சூடாக ஏதோ ஏறியது. என் பெயரை ஒரு கோயில் உபயப் பலகையில்கூட எழுத ஒருவரும் விட்டதில்லை. இங்கே, நானூறு வருடத்து உத்தரத்துக்குக் கீழே, பொன்னில், யாரோ ஊதுபத்தி கொளுத்த, என் பெயர். என்னுடைய தகப்பனுக்கே இல்லாத இடம்.

"நல்ல கதை" என்றாள் யோகம். "பத்து மாதம் சுமந்தது நான். பலகையிலை இவரோ?"

"அம்மா, அது நான் செத்தாப் பிறகு" என்று மதுஜா சிரித்தாள். "என்னவும் எழுதட்டும். எனக்கென்ன தெரியவா போகுது."

அவள் சிரித்ததுதான் என்னைக் குழப்பியது. சிரித்துக்கொண்டு அந்த வெறும் இடத்துக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு மேலே சென் வீட்டுப் பெண், லி வீட்டுப் பெண், இன்னும் யார் யாரோ வீட்டுப் பெண்கள். எல்லாரும் பெரிய கதவால் வந்தவர்கள். மாலையோடு, மேளத்தோடு, கதவைத் திறந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தபிறகு பெயரைக் கேட்கவில்லை. எங்களைப் பின்பக்கத்தால் கூப்பிட்டவர்களுக்கு என் பெயர் தெரியும். கத்திக் கூப்பிடுவார்கள். எது மரியாதை, எது அவமரியாதை? எனக்கு எல்லாம் தலைகீழாகப் போய்விட்டது.

"மதுஜா எண்டு எழுதவேணும்" என்றேன்.

ஜுன் தகப்பனைப் பார்த்தான்.

"சொல்லடா தம்பி. என்ரை பேர் வேண்டாம். என்னை விடு. அவளின்ரை பேர் வேணும். அதை எழுதுவினம் எண்டால் மாதம் சொல்லுறன். இல்லாட்டித் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் போறன்."

"அப்பா!" என்றாள் மதுஜா. சிரிப்பு நின்றுவிட்டது.

"நீதானே விருப்பமில்லையெண்டால் மாதம் சொல்லாதேங்கோ எண்டனி. யோசிச்சுத்தான் சொல்லுறன்."

ஜுன் சொன்னான். ஃபாங் இல்லை என்று தலையை ஆட்டினார். கோபமில்லை. தன்னால் முடியாது என்பது போலக் கையை விரித்தார். இத்தனை பேருக்கு இல்லாததை ஒருத்திக்கு எப்படி எழுதுவது என்று கேட்டாராம். மேலே இருப்பவர்களைக் காட்டினார். அவருடைய மனைவி தேத்தண்ணீர்க் கேத்தலைக் கீழே வைத்தாள். அதுவரை ஒரு வார்த்தை கதைக்காத பெண். புருஷனைப் பார்த்துச் சின்னதாக ஏதோ சொன்னாள். நாலு வார்த்தை இருக்கும். ஃபாங் கையை மடக்கிக்கொண்டார்.

"என்ன சொல்லுறா?" என்று யோகம் கேட்டாள்.

ஜுன் காதைச் சொறிந்தான். "தன் பெயரையும் எழுதவேண்டும் என்று சொல்கிறார்."

பிறகு பெரியப்பா கதைத்தார். ஊன்றுகோலால் நிலத்தைத் தட்டித் தட்டி நீளமாகக் கதைத்தார். திட்டுகிறாரா, தீர்ப்புச் சொல்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை. மழை தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. மதுஜா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட நான் அதிகம் கைபிடித்தவனில்லை. அப்போதும் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றேன்.

"என்னவாம்?" என்று ஜுனைக் கேட்டேன்.

"இந்தப் பெண் சாகும்போது நாங்கள் எல்லாரும் மேலே படியில் இருப்போமாம். கீழே நின்று என்ன எழுதுகிறார்கள் என்று அங்கிருந்து தடுக்கமுடியாதாம். அதனால் இப்போதே எழுதச் சம்மதித்துவிடுவது புத்தியாம். இரண்டு பெயரும் எழுதலாம் என்கிறார். உங்கள் பெயரும், அவளுடைய பெயரும்."

"சத்தியமாய்ச் சொன்னவரோ, அல்லது நீ சேத்துச் சொல்லுறியோ?"

"சத்தியமாக."

சீனம் தெரியாமல் இதை எப்படி நிச்சயப்படுத்துவது? ஃபாங்கைப் பார்த்தேன். அவர் சந்தோஷமாக இல்லை. சந்தோஷமில்லாத முகத்தோடு தலையை ஆட்டினார். அதைப் பார்த்துத்தான் நம்பினேன். சிரித்திருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

கிண்ணத்தை எடுத்தேன். பாலும் இல்லை, சீனியும் இல்லை, ஆறிப்போன தண்ணீர். குடித்தேன்.

"வைகாசி" என்றேன். "பனி முழுக்கக் கரைஞ்சாப் பிறகு. இந்தக் கல்லிலை பனி விழுந்தால் சீலையோடை வழுக்கி விழுவாள்."

மதுஜா என் முகத்தையே பார்த்தாள். "அப்ப ஓமோ அப்பா?"

"மாதம் சொன்னன்தானே. பிறகென்ன கேள்வி."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். யோகம் ஃபாங்கின் மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒரு பாஷையும் பொதுவாக இல்லாமல் எதையோ கதைக்கத் தொடங்கிவிட்டாள். ஃபாங் பலகைகளைப் பார்த்துக் கையைக் கூப்பி, வைகாசி எந்த மாதம் என்று ஜுனிடம் கேட்டு, அதைச் சீனத்தில் உரக்கச் சொன்னார். பெரியப்பா அதற்கு ஏதோ ஒரு சொல் போட்டார். சீனக்காரர் எல்லாரும் சிரித்தார்கள், ஜுனும் சிரித்தான், அவன் காதுக்குள் சொல்ல மதுஜாவும் விரல்களுக்கிடையால் சிரித்தாள்.

எதற்குச் சிரித்தார்கள் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.